கொடியில்லாத விமானி: காய் பிர்க்ஸ்டெட் போன வழியில் 13 நாட்கள்

1940 ஏப்ரல் 9 அதிகாலை ஜெர்மன் படை டென்மார்க்குக்குள் நுழைந்தது. காலை உணவு நேரத்துக்கு முன்பே நாடு பணிந்துவிட்டது. அரசரும் அமைச்சரவையும் கோபன்ஹேகனிலேயே தங்கிவிட்டார்கள். நார்வேயில் நடந்தது வேறு. அங்கே இரண்டு மாதம் சண்டை நடந்தது, அரசரும் அரசாங்கமும் லண்டனுக்குப் போய்ப் போரைத் தொடர்ந்தார்கள். ஒரு டேனிஷ் விமானிக்கு இந்த வேறுபாடுதான் எல்லாமே. தப்பித்து வெளியே போனால் சேர்வதற்கு அவனுக்கென்று ஒரு படை கிடையாது, போட்டுக்கொள்ளச் சொந்தச் சீருடையும் கிடையாது.

காய் பிர்க்ஸ்டெட் 1915இல் கோபன்ஹேகனில் பிறந்தவர். டேனிஷ் கடற்படையின் விமானப் பிரிவில் இருந்தார். நாடு விழுந்த சில நாட்களில் சார்ல்ஸ் சுண்ட்பி என்ற சக விமானியோடு ஸ்வீடன் வழியாக நார்வேக்குப் போனார். அங்கிருந்து பிரிட்டன், பிறகு நார்வே விமானப்படை, போர் முடியும்போது ஒரு பிரிட்டிஷ் விங்கின் (பல ஸ்குவாட்ரன்கள், அதாவது விமானப் பிரிவுகள், சேர்ந்த அணி) தலைமை. அந்த வழியில் எட்டக்கூடிய இடங்களுக்கு மட்டும் போய்வந்த குறிப்புகள் இவை.

மே 20, செவ்வாய் – கோபன்ஹேகன்

வெயில் இருந்தது. ஆனாலும் துறைமுகத்தில் காற்று காதைக் கிழித்தது. ரெஃப்ஷலேயோன் தீவுப் பக்கம் போக இரண்டு வழி: 2ஏ பேருந்து, அல்லது துறைமுகப் படகு. நகரப் பேருந்துச் சீட்டே படகுக்கும் செல்லும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. படகில் போவதுதான் நல்லது. மார்கரெத்தஹோல்ம் கரையில் கடற்படை விமான நிலையம் எப்படி நீரை ஒட்டி அமைந்திருந்தது என்பது நீரிலிருந்து பார்த்தால்தான் புரியும். அந்தக் காலத்துக் கடல் விமானத்துக்கு நீளமான ஓடுபாதை தேவையில்லை, அலை அடங்கிய நீர்ப்பரப்பும் விமானத்தை இழுத்து ஏற்ற ஒரு சரிவும் போதும்.

ஏப்ரல் 9 அன்று டேனிஷ் விமானங்கள் ஏன் எழும்பவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. தரைப்படையின் விமானங்கள் எல்லாம் வேர்லோஸ என்ற ஒரே தளத்தில் வரிசையாக நின்றிருந்தன. விடியும் நேரத்தில் ஜெர்மன் இரட்டை என்ஜின் மெஸ்ஸர்ஷ்மிட் போர் விமானங்கள் வந்தபோது ஒரே ஒரு ஃபாக்கர் சி.5 மட்டும் தரையை விட்டு எழுந்தது, எழுந்த உடனே சுடப்பட்டது. அதிலிருந்த கொட்ஃப்ரெட்ஸன், ப்ரோடர்ஸன் இருவரும் இறந்தார்கள். மற்ற விமானங்களில் பல நின்ற இடத்திலேயே எரிந்தன அல்லது சேதமடைந்தன. விமானங்களைச் சிதறடித்து நிறுத்துவது பிந்தைய போர்த்தளங்களில் எவ்வளவு கண்டிப்பான விதியாக இருந்தது என்பதை ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் பார்க்கலாம்.

மதியம் தெருவோர வண்டியில் சிவப்பு சாஸேஜ் ரொட்டி, 42 க்ரோனர், ஏறத்தாழ 540 ரூபாய். மேலே பொரித்த வெங்காயம், இனிப்பு ஊறுகாய் வெள்ளரி, மஞ்சள் ரெமூலாத் சாறு. தாள் பணத்தை நீட்டினால் கடைக்காரர் மன்னிப்புக் கேட்கும் குரலில் அட்டை இயந்திரத்தைக் காட்டுகிறார். தீவின் உணவுச் சந்தையிலும் அட்டை மட்டுமே.

மாலையில் கம்ப்மன்ஸ்கேட தெருவில் ஷெல்ஹுஸ் கட்டடம். 1945 மார்ச் 21 அன்று பிரிட்டிஷ் மாஸ்கிட்டோ விமானங்கள் 20, மஸ்டாங் போர் விமானங்களின் துணையோடு, ஜெர்மன் ரகசியப் போலீஸான கெஸ்டாப்போவின் தலைமையகமாக இருந்த இந்தக் கட்டடத்தைக் கூரை மட்டத்தில் பறந்து வந்து தாக்கின. மேல்மாடியில் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தார்கள், அவர்களில் 18 பேர் உயிரோடு தப்பினார்கள். ஆனால் முதல் அலையில் வந்த ஒரு மாஸ்கிட்டோ ரயில்வே விளக்குக் கம்பத்தில் மோதி, ஃப்ரெடெரிக்ஸ்பெர்க்கில் ஒரு பள்ளிக்கு அருகே விழுந்து எரிந்தது. பின்னால் வந்தவர்களில் சிலர் அந்தப் புகையைத்தான் இலக்கென்று எடுத்துக்கொண்டார்கள். பள்ளியில் 86 குழந்தைகள் இறந்தார்கள். ஃப்ரெடெரிக்ஸ்பெர்க் அல்லேயில் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஷெல்ஹுஸ் பார்க்கிறவர்கள் அங்கேயும் அவசியம் போக வேண்டும். நடந்தே போகலாம், அரை மணிக்கும் குறைவு. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் தெரியும்.

மே 21, புதன் – ஹெல்சிங்கோர்

ரயிலில் 45 நிமிடம். க்ரோன்போர்க் கோட்டைக் கொத்தளத்தில் நின்றால் எதிரே ஸ்வீடனின் வீடுகளை ஜன்னலோடு எண்ணலாம். இடையில் சுமார் 4 கி.மீ. நீர். படகு 20 நிமிடத்தில் கடக்கிறது. பயணிகளில் பாதிப்பேர் தள்ளுவண்டியோடு வருகிறார்கள், அக்கரையில் சாமான் விலை குறைவு என்பதற்காக. மேசையைப் பகிர்ந்துகொள்ள இடம் கேட்டால் உடனே பையை நகர்த்திவிடுவார்கள். அதற்குமேல் ஒரு பேச்சும் இருக்காது. அது முரட்டுத்தனமல்ல, அங்கே மரியாதை என்பதே அதுதான்.

இந்த 4 கி.மீ. தூரத்தைச் சின்னதென்று நினைத்துவிடக் கூடாது. இங்கே நீரோட்டம் காற்றைப் பொறுத்துத் திசை மாறும். பால்டிக் கடல் நீர் வடக்கே வடியும்போது எதிர்க்காற்று அடித்தால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும். மார்ச் மாதத்தில் நீரின் வெப்பம் ஒரு சில டிகிரிதான். யோர்கன் தால்பிட்ஸர் முடிந்தது இந்த நீரிணையில்தான். பிரிட்டிஷ் விமானப்படையில் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டிய டேனிஷ்காரர் அவர். 1942 ஜூலையில் பிரான்ஸில் பிடிபட்டார். ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு ஆபத்து வரக்கூடாதென்று ஆங்கிலப் பெயரிலேயே கைதியாக இருந்தார். 1943 மார்ச்சில் போலந்தின் ஷூபின் முகாமிலிருந்து சுரங்கம் வழியாக ஜிம்மி பக்லி என்ற பிரிட்டிஷ் அதிகாரியோடு தப்பி, ஜெர்மனியைக் கடந்து, சொந்த ஊர் வரைக்கும் வந்துவிட்டார். கடைசியாக மிச்சமிருந்தது ஸ்வீடனுக்கான இந்தத் துண்டுக் கடல். சிறு துடுப்புப் படகில் கிளம்பினார்கள். தால்பிட்ஸரின் உடல் பின்னர் கிடைத்தது. பக்லி கிடைக்கவே இல்லை.

மே 22, வியாழன் – ஓடன்ஸ

பாதையில் பழுதுபார்ப்பு. ரயிலுக்குப் பதில் பாதி வழி பேருந்து, ஒன்றேகால் மணி நேரப் பயணம் இரண்டரை மணியானது. அறிவிப்பு டேனிஷில் மட்டும் ஓடியது. பக்கத்து இருக்கைப் பெண்மணி எதுவும் கேட்காமலே எழுந்து வந்து, எந்த நடைமேடை என்று தன் கைப்பேசியில் காட்டிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். மௌனப் பெட்டியில் ஏறியிருந்தால் கைப்பேசியில் பேசக்கூடாது, கதவின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து ஏறவும்.

இங்கே வந்தது பிர்க்ஸ்டெட்டுக்காக அல்ல, வேறு வழியில் தப்பிய இரண்டு டேனிஷ் விமானிகளுக்காக. ஓடன்ஸ நகரின் விளிம்பில் எல்ஸெஸ்மிண்ட என்ற பண்ணை இருந்தது. அங்கே ஒரு தொழுவத்தில் டி ஹாவிலண்ட் ஹார்னெட் மாத் என்ற சிறு விமானம் மறைந்திருந்தது. அது இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் மூடிய அறை கொண்டது, இறக்கைகள் பின்னோக்கி மடங்கும். 130 குதிரைத்திறன் ஜிப்ஸி மேஜர் என்ஜின். தோமஸ் ஸ்னோய்ம், கெல் பெடர்ஸன் என்ற இரண்டு இளம் கடற்படை விமானிகள் அதன் பாகங்களை ரகசியமாகச் சேர்த்துப் பொருத்தினார்கள். 1941 ஜூன் 21 இரவு, கடந்துபோகும் ரயிலின் ஓசையில் என்ஜின் சத்தம் மறையும்படி நேரம் பார்த்துக் கிளம்பினார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இங்கிருந்து வடகிழக்கு இங்கிலாந்தின் ஆனிக் வரை நேர்கோட்டில் சுமார் 760 கி.மீ. விமானத்தின் பயண வேகம் மணிக்கு 170 கி.மீ., தொட்டி 35 கேலன், அதாவது 159 லிட்டர். மணிக்கு ஏறத்தாழ 28 லிட்டர் எரியும் என்றால் ஐந்தரை மணிக்குச் சற்று அதிகம். காற்றில்லாத நாளில் நாலரை மணியில் போய்விடலாம், காகிதத்தில் பெட்ரோல் மிஞ்சும். ஆனால் வட கடலில் மேற்கிலிருந்து காற்று அடிப்பது வழக்கம். எதிர்க்காற்று மணிக்கு 40 கி.மீ. இருந்தாலே பயணம் ஆறு மணியைத் தொடும், தொட்டி அதற்கு முன் வறண்டுவிடும். ஆகவே அறைக்குள் கேன்களில் பெட்ரோல், கூடவே ஒரு குழாய். கடலுக்கு மேலே பறந்துகொண்டிருக்கும்போது ஸ்னோய்ம் கதவைத் திறந்து இறக்கையின் மேல் ஏறி, வெளியே இருந்த தொட்டி வாயில் குழாயைச் செருகினார். உள்ளே இருந்து ஊற்றினார்கள். இரண்டு தவறுகளில் எது நேர்ந்தாலும் முடிந்தது: குழாய் நழுவினால் பெட்ரோல் அறைக்குள் கொட்டும், வேகம் மிகக் குறைந்தால் இறக்கை தாங்காது. ஆனிக் அருகே வயலில் இறங்கினார்கள். பெடர்ஸன் பிரிட்டிஷ் விமானப்படையில் விமானியானார். ஸ்னோய்ம் ஃபானோ தீவிலிருந்த ஜெர்மன் ராடாரின் படங்களோடு வந்தவர், உளவுப் பணிக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

ஓடன்ஸவில் ப்ரூன்ஸ்விகர் சாப்பிடாமல் திரும்பக் கூடாது. ஈஸ்ட் சேர்த்த மெத்தென்ற ரொட்டி மேல் வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் உருகிக் குழிகளில் தேங்கியிருக்கும். 28 க்ரோனர். காலையிலேயே வாங்க வேண்டும், மதியத்துக்கு மேல் காய்ந்துவிடும்.

மே 24, சனி – ஆனிக்

எடின்பரோவிலிருந்து ஆன்மத் ரயில் நிலையம் ஒரு மணி நேரம், அங்கிருந்து பேருந்து. இங்கிலாந்துக்குள் பேருந்துக் கட்டண உச்சவரம்பு 2025 நிலவரப்படி 3 பவுன், எவ்வளவு தூரமானாலும். ஸ்காட்லாந்தில் இது செல்லாது. நாள் முழுக்கத் தூறல். அந்த மேகத்துக்குக் கீழே கடற்கரையைப் பார்த்தால், ஆறு மணி நேரம் நீரை மட்டுமே பார்த்தவர்களுக்கு இந்தத் தட்டையான பச்சை எப்படித் தெரிந்திருக்கும் என்று தோன்றுகிறது. வேறு சொல்ல இல்லை.

மே 26–27, திங்கள், செவ்வாய் – ஆர்க்னி

இன்வர்னஸ்–தர்ஸோ ரயில் நாலு மணி நேரம், வளைந்து வளைந்து போகும். உணவுப் பெட்டியை நம்ப வேண்டாம், கையில் எடுத்துப் போகவும். ஸ்க்ராப்ஸ்டரிலிருந்து ஸ்ட்ரோம்னெஸுக்குப் படகு ஒன்றரை மணி. திங்கள் காலைப் படகு காற்றினால் தள்ளிப்போனது. ஐந்து மணி நேரம் காத்திருப்பு. காத்திருந்த உள்ளூர்க்காரர்கள் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஒரு பாட்டி தன் பிஸ்கட் டப்பாவை வரிசை முழுவதும் சுற்றி அனுப்பினார். டப்பா காலியாகத் திரும்பியதும் அதைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆர்க்னி திட்டத்தில் ஒரு நாளை எப்போதும் கூடுதலாக வைக்கவும்.

1941 ஜூலை 21 அன்று கேட்டரிக்கில் 331ஆம் ஸ்குவாட்ரன் உருவானது. நார்வேக்காரர்களின் முதல் போர் விமானப் பிரிவு. ஆட்களில் பெரும்பாலோர் டொராண்டோவில் பயிற்சி பெற்றவர்கள். டொராண்டோத் தீவு விமான நிலையத்தை ஒட்டி 1940 நவம்பரில் தொடங்கிய அந்தப் பயிற்சித் தளத்துக்கு 'லிட்டில் நார்வே' என்று பெயர். பிர்க்ஸ்டெட்டும் அங்கே இருந்தார். பிறகு 331இல் சேர்ந்தார். அதன் குறியெழுத்து எஃப்.என். நார்வேக்காரர்கள் அதை 'ஃபோர் நோர்கே', நார்வேக்காக, என்று படித்தார்கள். ஸ்குவாட்ரனின் முழக்கமும் அதுவே. டேனிஷ்காரர் ஒருவர் தினமும் அந்த எழுத்துகள் போட்ட விமானத்தில்தான் ஏறினார்.

1941 இலையுதிர்காலத்திலிருந்து 1942 மே வரை 331இன் தளம் ஆர்க்னியின் ஸ்கீப்ரே. வேலை, ஸ்காபா ஃப்ளோவில் நங்கூரமிட்டிருந்த பிரிட்டிஷ் கடற்படையைக் காப்பது. 1939 அக்டோபர் 14 அன்று ராயல் ஓக் போர்க்கப்பல் அங்கேயே மூழ்கடிக்கப்பட்ட பின் அந்த விரிகுடாவுக்குக் காவல் பலமடங்கானது. முதலில் ஹரிக்கேன் போர் விமானங்கள், சில மாதங்களில் ஸ்பிட்ஃபயர்கள்.

டவுன்பி கிராமத்தில் பேருந்தை விட்டு இறங்கி மேற்கே சுமார் 4 கி.மீ. நடை. ஆர்க்னியில் மரம் அபூர்வம், காற்றைத் தடுக்க எதுவுமில்லை. குடை இரண்டாவது நிமிடத்தில் உடைந்துபோகும், தொப்பியோடு கூடிய மழைச்சட்டைதான் சரி. தளம் இப்போது பண்ணை நிலம். வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டால் விடுகிறார்கள், கேட்காமல் வாயிலைத் திறக்கக் கூடாது, திறந்தால் மூடாமல் போகக் கூடாது. மே மாதம் தரையில் முட்டையிடும் பறவைகள் இருக்கும், புல்லுக்குள் கால் வைக்காமல் கான்கிரீட்டு விளிம்பிலேயே நடக்கவும். செங்கல் கூடங்கள், மண்ணணைத்த வெடி மறைப்புகள், விமானங்களைத் தள்ளித் தள்ளி நிறுத்திய திட்டுகள் ஆங்காங்கே தெரிகின்றன. வேர்லோஸவில் ஒரே வரிசையில் எரிந்த விமானங்களின் நினைவு வருவது இங்கேதான்.

காற்று இங்கே ஏன் தனிப் பிரச்சினை? ஹரிக்கேனின் சக்கரங்கள் வெளிப்பக்கமிருந்து உள்நோக்கி மடங்குபவை, இரு சக்கர இடைவெளி சுமார் 2.4 மீட்டர். ஸ்பிட்ஃபயரின் கால்கள் உடலை ஒட்டிப் பொருந்தி வெளிநோக்கி மடங்கும், இடைவெளி ஒன்றே முக்கால் மீட்டருக்கும் சற்றுக் குறைவு. பக்கவாட்டுக் காற்றில் ஹரிக்கேன் உட்கார்ந்தபடி நிற்கும், ஸ்பிட்ஃபயர் ஒரு பக்கம் சாய்ந்து இறக்கை நுனியைத் தரையில் தேய்க்கும். அதனால்தான் போர்க்காலத் தளங்களில் ஓடுபாதைகளை ஒன்றையொன்று குறுக்கே வெட்டும்படி போட்டார்கள், எந்தப் பக்கம் அடித்தாலும் ஏறக்குறைய எதிர்க்காற்றில் இறங்க ஒரு பாதை கிடைக்கும். இன்னொரு தொல்லை மூக்கு. தரையில் நிற்கும்போது ஸ்பிட்ஃபயரின் நீண்ட மூக்கு முன்பார்வையை முழுக்க மறைக்கும். பாம்பு போல வளைந்து வளைந்துதான் ஓட்டிப்போக வேண்டும், பலத்த காற்றில் தரைப்பணியாளர் ஒருவர் வால்மேல் உட்கார்ந்து வர வேண்டியிருக்கும்.

டவுன்பியில் பேர் பானக் ரொட்டி, சீஸ் வைத்துச் சாப்பிட்டது. பேர் என்பது இந்தத் தீவுகளின் பழைய வகை வாற்கோதுமை, குறுகிய கோடையிலேயே விளைந்துவிடும். பர்ஸேயில் நீர்ச்சக்கர ஆலையில் இன்றும் அரைக்கிறார்கள். தட்டையாகக் கல்லில் சுட்டது. நிறமும் மண்வாசமும் கேழ்வரகு அடையை நினைவூட்டும், ஆனால் மாவு இன்னும் வறட்சி. தேநீரோடு நாலரை பவுன். இரவு பத்து மணிக்கும் நாளிதழ் படிக்கும் வெளிச்சம் இருந்தது.

மே 31, சனி – நார்த் வீல்ட்

லண்டன் சென்ட்ரல் பாதையின் கடைசி நிலையம் எப்பிங். அங்கிருந்து பேருந்து. விமானத்தள அருங்காட்சியகம் சிறியது, வார இறுதி நாட்களில் திறக்கும் தன்னார்வலர் இடம். வாரநாளில் போனால் பூட்டைத்தான் பார்க்க முடியும். வெளியே கல் தூண் ஒன்று நார்வே மக்கள் வைத்தது, 1952இல் இளவரசி அஸ்த்ரித் திறந்துவைத்தது.

331ஆம் ஸ்குவாட்ரன் 1942 மேயிலும், சகோதரப் பிரிவான 332 ஜூனிலும் இங்கே வந்தன. ஸ்பிட்ஃபயர்களின் மூக்கில் நார்வேயின் சிவப்பு, வெள்ளை, நீலம். ஆகஸ்ட் 19 அன்று பிரான்ஸின் தியெப் துறைமுகத்தின் மீது நடந்த தாக்குதலில் இரண்டும் பங்கெடுத்தன. அப்போது கையிலிருந்தது ஸ்பிட்ஃபயரின் 5ஆம் வகை. ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190க்கு முன் அது பின்தங்கியது. அந்த இலையுதிர்காலத்தின் முடிவில் வந்த 9ஆம் வகைதான் நிலைமையை மாற்றியது. வெளித்தோற்றம் ஏறத்தாழ அதேதான், மாறியது என்ஜின். மெர்லின் 61இல் சூப்பர்சார்ஜர் இரண்டு கட்டமாகக் காற்றை அழுத்தும். முதல் கட்டம் அழுத்தியதை இரண்டாவது மறுபடி அழுத்தும், அழுத்தினால் காற்று சூடேறும் என்பதால் சிலிண்டருக்குள் போகும் முன் அதைக் குளிர்விக்க ஒரு குளிர்விப்பான். காற்று மெலிந்த 25,000 அடியிலும் என்ஜின் மூச்சுத் திணறாது. 5ஆம் வகை மணிக்கு சுமார் 595 கி.மீ. தொட்டால், இது 650ஐத் தொட்டது. 1943இல் பிர்க்ஸ்டெட் முதலில் 331க்கும் பிறகு வான்வெளியில் முழு நார்வே விங்குக்கும் தலைமை ஏற்றார். நேசநாட்டுப் பக்கம் போரிட்ட டேனிஷ் விமானிகளில் மிக அதிக விமானங்களை வீழ்த்தியவர் அவரே, குறைந்தது பத்து.

அருங்காட்சியகத்தில் ஒரு வயதான தன்னார்வலர், கேள்வி கேட்டவுடன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். கிளம்பும் முறையை அவர் கையசைவோடு காட்டினார். பெட்ரோல் குழாய் திற. த்ராட்டிலை அரை அங்குலம் தள்ளு. ப்ரைமர் பம்பை, குளிர் எவ்வளவோ அதற்கேற்ப, சில முறை அடி. மேக்னெட்டோ இரண்டையும் போடு. ஸ்டார்ட்டர், பூஸ்டர் காயில் பொத்தான்களைச் சேர்த்து அழுத்து. எண்ணெய் 15 டிகிரி, குளிர்நீர் 60 டிகிரி வரும்வரை கிளம்பாதே. பிரச்சினை அதற்குப் பிறகுதான். இறங்கியிருக்கும் சக்கரக்கால் ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்கும். தரையில் சில நிமிடங்கள் அதிகம் நின்றால் நீர் கொதிக்கும். இரண்டு ஸ்குவாட்ரனும் சேர்ந்தால் 24 விமானம், வரிசையில் ஒருவர் தாமதித்தால் பின்னால் நிற்பவர்களின் என்ஜின்கள் சூடேறும். அதனால் கிளம்புவது நொடிக்கணக்கில் ஒத்திகை பார்த்த வேலை.

ஆயுதக் கணக்கும் அப்படியே. 5ஆம் வகையின் பீரங்கிக்கு 60 குண்டு கொண்ட உருளை, நிமிடத்துக்கு சுமார் 600 சுடும் என்பதால் மொத்தம் ஆறு விநாடி. 9ஆம் வகையில் பட்டையில் 120, அதாவது 12 விநாடி. ஒன்றரை மணிப் பயணத்துக்கு இதுதான் கையிருப்பு.

ஸ்பிட்ஃபயரின் உண்மையான எல்லை பெட்ரோல்தான். உள்ளே 85 கேலன், 386 லிட்டர். முழு வேகத்தில் மணிக்கு நூறு கேலனுக்கு மேல் குடிக்கும். வயிற்றில் 30, 45, 90 கேலன் கழற்றி எறியும் தொட்டிகளை மாட்டினார்கள். சண்டை தொடங்கினால் முதலில் அதை உதற வேண்டும், உதறிய நொடியிலிருந்து வீடு திரும்பும் கணக்கு மாறிவிடும். அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணை போனவர்கள் பெல்ஜியம், ஹாலந்து தாண்டித் திரும்பிவிட வேண்டியிருந்தது. அது ஜெர்மானியர்களுக்கும் தெரியும், காத்திருப்பார்கள். 1945இல் பிர்க்ஸ்டெட் சஃபோக்கின் பென்ட்வாட்டர்ஸ் தளத்தில் மஸ்டாங் விங்குக்குத் தலைவரானார். இருக்கைக்குப் பின்னால் கூடுதல் தொட்டி வைத்த மஸ்டாங்கில் வெளித்தொட்டி இல்லாமலே ஆயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும். பெர்லின், நார்வே, டென்மார்க் எல்லாம் அதன் வட்டத்துக்குள் வந்தன. ஐந்து ஆண்டுகளுக்கு முன் தப்பி ஓடிய நாட்டின் வானத்துக்கு மறுபடி போய்வரும் தூரம்.

விமானத்தள உணவகத்தில் முட்டை, பன்றி இறைச்சி, பீன்ஸ், வறுத்த ரொட்டி, பெரிய கோப்பையில் தேநீர், ஒன்பதரை பவுன். ஜன்னல் வழியே பழைய போர் விமானங்கள் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம், நார்த் வீல்ட் இன்றும் ஓடும் தளம். இரட்டை இருக்கை ஸ்பிட்ஃபயரில் அரை மணி பறக்க மூவாயிரம் பவுன் அளவு கேட்கிறார்கள். கீழே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்பது இலவசம். புனித ஆண்ட்ரூ தேவாலயத்தில் விமானிகளின் கல்லறைகள் உண்டு, நடந்து போய்ப் பார்க்கவும்.

ஜூன் 1, ஞாயிறு – இப்ஸ்லி

சாலிஸ்பரியிலிருந்து ரிங்வுட் போகும் பேருந்தில் அதே 3 பவுன். ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு, திரும்பும் நேரத்தை இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளவும். அவர் கேட்காமலே ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்.

இந்தப் பழைய விமானத்தளத்துக்கு வந்தது மற்ற டேனிஷ்காரர்களுக்காக. எல்லோரும் நார்வேயிடம் போகவில்லை. சிலர் பிரிட்டிஷ் விமானப்படையிலேயே சேர்ந்தார்கள். லண்டனிலும் பிற நாடுகளிலும் வாழ்ந்த டேனிஷ் மக்கள் நிதி திரட்டினார்கள். ஒரு ஸ்பிட்ஃபயருக்கு வைத்திருந்த விலை 5,000 பவுன். மூன்று வாங்கப் பணம் சேர்ந்தது. 1942 ஏப்ரல் 9, நாடு விழுந்த இரண்டாம் ஆண்டு நாளில், இங்கே இப்ஸ்லியில் அவற்றை ஒப்படைத்தார்கள். பெயர்கள்: நீல்ஸ் எப்பெஸன், வல்டெமர் அட்டர்தாக், ஸ்காகன் இன். முதல் பெயர் 1340இல், நாடு விழுந்ததற்குச் சரியாக அறுநூறு ஆண்டுக்கு முன், டென்மார்க்கை அடக்கிவைத்த ஜெர்மன் பிரபு கெர்ஹார்டைக் கொன்றவருடையது. இரண்டாவது, சிதறிய நாட்டை மீட்ட மன்னருடையது. ஓட்டியவர்கள் ஆக்ஸெல் ஸ்வென்ட்ஸன், யோர்கன் தால்பிட்ஸர், யென்ஸ் இப்ஸன். ஸ்வீடனுக்கு முன்னுள்ள நீரிணையில் முடிந்த அதே தால்பிட்ஸர்தான்.

மூன்றும் போன ஸ்குவாட்ரன் எண் 234. அதன் முழுப்பெயர் '234ஆம் (மதராஸ் மாகாணம்) ஸ்குவாட்ரன்'. போர் நிதி கொடுத்த பகுதியின் பெயரைப் பிரிவுக்குச் சூட்டுவது அன்றைய வழக்கம். மதராஸ் மாகாணத்துப் பணத்தின் பெயரில் பறந்த படைக்குள் டேனிஷ் பணத்தில் வாங்கிய விமானம், அதற்குள் டேனிஷ் விமானி. அதே 234 போரின் கடைசி மாதங்களில் பென்ட்வாட்டர்ஸில் மஸ்டாங் ஓட்டியது, பிர்க்ஸ்டெட்டின் விங்கில். போருக்குப் பின் அவர் டென்மார்க் திரும்பினார். தரைப்படையின் விமானங்களையும் கடற்படையின் விமானங்களையும் ஒன்றாக்கி 1950இல் டேனிஷ் விமானப்படை உருவானது, அதைக் கட்டியெழுப்பியவர்களில் அவரும் ஒருவர். 1996இல் இறந்தது லண்டனில்.

இப்ஸ்லியில் ஓடுபாதை கிடையாது. போருக்குப் பின் சரளைக்கல்லுக்காகத் தோண்டினார்கள், குழிகளில் நீர் ஏறி ஏரிகளாயின. கட்டுப்பாட்டுக் கோபுரம் மட்டும் ஜன்னல் இல்லாத செங்கல் கூடாக நிற்கிறது. அதைக் காப்பாற்ற உள்ளூர் அறக்கட்டளை ஒன்று உழைக்கிறது. மழை விட்டிருந்தது. பறவை பார்க்க வந்த இருவர் தொலைநோக்கியைக் கொடுத்து, ஏரியின் நடுவில் ஒரு கொண்டை முக்குளிப்பானைக் காட்டினார்கள். வல்டெமர் அட்டர்தாக் என்று மூக்கோரம் எழுதிய ஸ்பிட்ஃபயர், ஒப்படைத்த பதினைந்தாம் நாள், 1942 ஏப்ரல் 24 அன்று, ஆக்ஸெல் ஸ்வென்ட்ஸனோடு இங்கிருந்து கிளம்பிப் போனது. திரும்பி வரவில்லை.